‘பத்தில் நில்’ என்றால் எங்கே நிற்பது?



ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் பேருந்தில் ஏறி, “என்னைப் பத்தில் இறக்கிவிடுங்கள்” என்று நடத்துநரிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடத்துநர் என்ன செய்வார்? “எந்தப் பத்து ஐயா? பத்தாவது நிறுத்தமா, பத்தாம் நம்பர் தெருவா, பத்தாவது மைல் கல்லா?” என்று கேட்பார். கேட்காமல், தம் மனத்துக்குத் தோன்றிய ஒரு பத்தில் அவரை இறக்கிவிட்டுப் போனால், அந்த நடத்துநரை நாம் நல்லவர் என்று சொல்லமாட்டோம் அல்லவா?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு கருவி, பல நேரங்களில் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதற்கு ‘டீபக்கர்’ என்று பெயர். தமிழில் ‘பிழை தேடும் கருவி’ எனலாம். அதற்கு நாம் இடும் கட்டளைகளில் உள்ள இருபொருள் மயக்கத்தைப் பற்றியே இக்கட்டுரை. இது பொறியாளர்களின் கவலைதானே, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாளை கருவிகளைச் செய்யப்போகிறவர்கள் நீங்கள். ஒரு கட்டளை எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி இப்போதே ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்வது நல்லது.

முதலில் கருவியைப் பார்ப்போம். நிரல் எழுதி ஓட்டுகிறோம்; விடை தவறாக வருகிறது. எந்த வரியில் தவறு நேர்ந்தது என்பது தெரியவில்லை. கணிப்பொறியோ கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கான கட்டளைகளைச் செய்து முடித்துவிடுகிறது. ஓடும் நிரலை நாம் விரும்பும் இடத்தில் நிறுத்தி, அந்த நேரத்தில் ஒவ்வொரு மாறியின் மதிப்பும் என்ன என்று பார்க்க முடிந்தால் பிழை பிடிபட்டுவிடும். அப்படி நிறுத்துவதற்காக நாம் குறிக்கும் இடமே ‘பிரேக் பாயிண்ட்’. நாம் அதை நிறுத்துமிடம் என்போம்.

கருவி நிரலை எப்படி நிறுத்துகிறது? ஐ.பி.எம். பி.சி. வகைக் கணிப்பொறிகளில் உள்ள இன்டெல் செயலியை எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் நிரல் என்பது எண்களின் வரிசைதான். ஒவ்வோர் எண்ணும் ஒரு ‘பைட்’ இடத்தில் அமர்கிறது. இந்தச் செயலிக்கு 204 என்ற எண் ஒரு தனிக்கட்டளை; ‘உடனே நிறுத்திக் காவலரைக் கூப்பிடு’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நாம் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் பைட்டைக் கருவி எடுத்துத் தன்னிடம் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அதன் இடத்தில் 204ஐ எழுதிவிடுகிறது. ஓடி வரும் செயலி 204ஐக் கண்டதும் நிற்கிறது. கருவி உடனே பழைய பைட்டைத் திரும்ப வைத்துவிட்டு, “வந்துவிட்டோம், பாருங்கள்” என்று நமக்குச் சொல்கிறது. எளிமையான, அழகான ஏற்பாடு!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கருவி நம் நிரலைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. அதைத் திருத்தியும் விடுகிறது. இடம் சரியாக இருந்தால் தொல்லையில்லை. தவறினால்? இதே செயலியில் 184, 10, 0 என்ற மூன்று பைட்டுகள் சேர்ந்து ஒரே கட்டளையாகும் ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பத்து என்ற எண்ணைப் பதிவகத்தில் வை’ என்பது அதன் பொருள். நிறுத்துமிடத்தை முதல் பைட்டில் வைக்கவேண்டும். தவறுதலாக இரண்டாம் பைட்டில் வைத்துவிட்டால் வரிசை 184, 204, 0 என்று ஆகிவிடும். செயலி இப்போது நிற்காது. ‘204 என்ற எண்ணைப் பதிவகத்தில் வை’ என்று அதைப் படித்துக்கொண்டு மேலே போய்விடும். பத்து இருக்கவேண்டிய இடத்தில் 204 வந்து உட்கார்ந்துகொள்ளும். நோயைக் கண்டறிய வந்த மருத்துவரே புதிய நோயைக் கொடுத்துவிட்டுப் போனது போல் ஆகிவிடும்! ஆகவே, ‘எங்கே நிற்பது’ என்பதில் மயக்கம் இருக்கலாகாது.

அந்த மயக்கம் எப்படியெல்லாம் வருகிறது என்று இனிக் காண்போம்.

1981இல் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தபோது, அதன் டாஸ் இயக்க முறைமையோடு ‘டீபக்’ என்னும் சிறிய கருவி ஒன்றும் வந்தது. டிம் பேட்டர்சன் என்பவர் உருவாக்கியது. அதில் நிரலை ஓட்டுவதற்கு ‘ஜி’ என்ற ஓரெழுத்துக் கட்டளை. ‘ஜி=100’ என்று எழுதினால், 100ஆம் முகவரியிலிருந்து ஓடத் தொடங்கு என்று பொருள். ‘ஜி 100’ என்று எழுதினால், இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஓடி 100ஆம் முகவரி வந்தால் நில் என்று பொருள். ஒரு சமக்குறிதான் வேறுபாடு! அது இருந்தால் புறப்படும் இடம். இல்லாவிட்டால் நிற்கும் இடம். நிரல் 120இல் நின்றுகொண்டிருக்கிறது, மீண்டும் 100லிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ணும் மாணவர் சமக்குறியை மறந்துவிட்டால் என்ன ஆகும்? நிரல் 120லிருந்து முன்னோக்கி ஓடும். பின்னால் விட்டுவிட்டு வந்த 100க்கு அது திரும்ப வராமலே முடிந்தும் போகலாம். கருவி எந்தப் பிழைச் செய்தியும் தராது. அதன் பார்வையில் நாம் எழுதியது முற்றிலும் சரியான கட்டளையாயிற்றே!

அதே கருவியில் இன்னொரு நுட்பமும் உண்டு. அங்கே எல்லா எண்களும் பதினாறு அடிமான எண்களே. ஆகவே அங்கே 100 என்பது நூறன்று. நம் கணக்கில் 256. 10 என்பது 16. பழகியவர்களுக்கு இது இயல்பு. புதியவர்களுக்கு இது குழி.

அடுத்து, 1986இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய ‘ஜி.டி.பி.’ என்னும் கருவி. இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதில் ‘பிரேக் 10’ என்றால் பத்தாவது வரியில் நில் என்று பொருள். ‘பிரேக் +10’ என்றால் இப்போது இருக்கும் வரியிலிருந்து பத்து வரிகள் தள்ளி நில். ‘பிரேக் *10’ என்றால் நினைவகத்தின் 10ஆம் முகவரியில் நில். ஒரே எண், முன்னால் உள்ள சிறு குறியால் மூன்று வேறு இடங்கள். சரி, வெறும் ‘பிரேக் 10’ஆவது தெளிவானதா என்றால் அதுவும் இல்லை. பெரிய நிரல்கள் பல கோப்புகளில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பத்தாவது வரி உண்டு. எந்தக் கோப்பு என்று நாம் சொல்லாவிட்டால், அப்போது எந்தக் கோப்பில் இருக்கிறோமோ அதையே கருவி எடுத்துக்கொள்ளும். காலையில் இட்ட கட்டளையை மாலையில் மீண்டும் இட்டால், அது வேறோர் இடத்தில் போய் நிற்கக்கூடும்!

நிபந்தனையோடு நிற்கச் சொல்லும் வசதியும் அதில் உண்டு. ‘எக்ஸ் என்னும் மாறியின் மதிப்பு 5 ஆக இருந்தால் மட்டும் பத்தாவது வரியில் நில்’ என்று சொல்லலாம். சி மொழியில் எழுதிய நிரலாக இருந்தால் அந்த நிபந்தனையைச் சி மொழியின் முறைப்படி எழுதவேண்டும். அம்மொழியில் ‘சமமா?’ என்று கேட்க இரட்டைச் சமக்குறி. ‘இதை அதில் வை’ என்று சொல்ல ஒற்றைச் சமக்குறி. இரண்டுக்குப் பதில் ஒன்றைத் தட்டிவிட்டால், கருவி எக்ஸில் 5ஐ எழுதிவிடும். 5 சுழியமன்று, ஆகவே நிபந்தனை உண்மை என்று முடிவு செய்து ஒவ்வொரு முறையும் நிற்கும். நாம் போய்ப் பார்த்தால் எக்ஸின் மதிப்பு 5தான்! “ஆகா, நான் நினைத்தது சரி” என்று மகிழ்வோம். ஆனால் அந்த 5 நாமே வைத்தது. இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு உண்டா? பைத்தான் மொழியில் நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறியை எழுதினால் மொழியே அதை ஏற்க மறுத்துவிடுகிறது என்பதை அதைக் கற்கும் மாணவர்கள் அறிவார்கள். அந்த மறுப்பு நமக்குத் தொல்லை தருவதற்காக ஏற்பட்டதன்று. நம்மைக் காப்பதற்காக ஏற்பட்டது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘விண்-டி.பி.ஜி.’ என்ற கருவியும் வழக்கமாக எண்களைப் பதினாறு அடிமானத்திலேயே படிக்கும். அந்த முறையில் பத்து முதல் பதினைந்து வரையுள்ள மதிப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகள் இலக்கங்களாகின்றன. இப்போது, கூட்டல் செய்யும் ஒரு செயற்கூற்றுக்கு நீங்கள் ‘ஆட்’ என்று பெயரிட்டிருக்கிறீர்கள். அதன் ஆங்கில எழுத்துகள் ஏ, டி, டி. அங்கே நிற்கும்படி கட்டளை இடுகிறீர்கள். கருவியோ அதைப் பெயர் என்று எண்ணுவதில்லை. பதினாறு அடிமான எண் என்று படிக்கிறது! கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 × 256 + 13 × 16 + 13 = 2781. நினைவகத்தின் 2781ஆம் முகவரியில் நிறுத்துமிடம் வைக்க முற்படுகிறது. “நான் முகவரி எதையும் கொடுக்கவில்லையே!” என்று நாம் திகைக்கிறோம். பெயர்தான் என்று உணர்த்த வேண்டுமானால், நிரற்பகுதியின் பெயரையும் ஒரு வியப்புக்குறியையும் முன்னால் சேர்க்கவேண்டும்.

தமிழ் இலக்கண வகுப்பில் ‘பொதுமொழி’ என்று படித்திருப்பீர்கள். ‘எட்டு’ என்ற சொல் தனியே நின்றால் ஓர் எண்; ‘எள் + து’ என்று பிரித்தால் ‘எள்ளைத் தின்’ என்று பொருள். ‘ஆட்’ விஷயத்தில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். நாம் பெயர் என்று நினைத்தது, கருவிக்கு எண்ணாகிவிட்டது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. இருவர் பேசிக்கொள்ளும்போது சூழலைக் கொண்டு பொருளை அறிந்துகொள்கிறோம். கடையில் ‘எட்டு கொடுங்கள்’ என்றால் எள்ளைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. கருவிக்கு அந்தச் சூழலறிவு இல்லை. அதற்கு இருப்பது ஒரு விதி மட்டுமே. விதி எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும்.

இதற்கு மறுமொழியாக அனுபவமுள்ள நிரலாளர்கள் ஒன்று சொல்வார்கள்: “கட்டளை சுருக்கமாக இருந்தால்தான் வேலை ஓடும். நாள் முழுவதும் நிறுத்துமிடம் வைப்பவன் ஒவ்வொரு முறையும் நீண்ட வாக்கியம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?” இதில் நியாயம் உண்டு. கணிப்பொறியின் தொடக்க காலத்தில், டெலிடைப் பொறியின் வழியாகவே அதோடு பேசினார்கள். டெலிடைப் 33 என்ற பொறி விநாடிக்கு 10 எழுத்துகளையே அச்சிடும். அந்தக் காலத்தில் ஓரெழுத்துக் கட்டளை பெரும் சலுகை. ஆனால் அந்தப் பொறிகள் போய்விட்டன. அவற்றுக்காக ஏற்பட்ட சிக்கனம் மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது.

மேலும், சுருக்கம் வேறு, மயக்கம் வேறு. இதற்குச் சான்றும் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மார்க் லின்டன் என்பவர் ‘டி.பி.எக்ஸ்.’ என்ற கருவியை எழுதினார். அதில் ‘ஸ்டாப் அட் 10’ என்றால் பத்தாவது வரி. ‘ஸ்டாப் இன் மெயின்’ என்றால் மெயின் என்னும் செயற்கூறு. ‘அட்’, ‘இன்’ என்ற இரண்டு சிறு சொற்களைச் சேர்த்ததும், பின்னால் வருவது வரியா பெயரா என்ற குழப்பம் நீங்கிவிட்டது. இதற்கு என்ன பெரிய செலவு?

2010இல் ஆப்பிள் நிறுவனம் வெளிப்படுத்திய ‘எல்.எல்.டி.பி.’ என்ற கருவி இன்னொரு வழியைக் கையாள்கிறது. அதன் முழுக் கட்டளையில் கோப்பு இது, வரி இது, பெயர் இது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடைமொழி உண்டு. ஒரு சிறிய கோப்பின் பத்தாவது வரியைக் குறிக்கவே ஏறத்தாழ 40 எழுத்துகள் தட்டவேண்டியிருக்கும். நீளம்தான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை. அவசரக்காரர்களுக்காக ‘பி’ என்ற ஓரெழுத்துச் சுருக்கமும் அதில் உண்டு. அந்தச் சுருக்கம் முழுக் கட்டளையாக மாற்றப்பட்ட பிறகே செயலுக்கு வருகிறது. தெளிவான முழு வடிவம் ஒன்று அடியில் இருக்கும்போது, மேலே எத்தனைச் சுருக்கங்கள் இருந்தாலும் கேடில்லை. ஐயம் வந்தால் முழு வடிவத்துக்குப் போகலாம் அல்லவா?

ஜி.டி.பி.யைக் குறைகூறுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நல்ல நடத்துநரின் பண்பும் அதனிடம் உண்டு. இல்லாத செயற்கூற்றின் பெயரைக் கொடுத்தால், “அப்படி ஒன்று இல்லையே, பின்னால் வரப்போகும் பகுதியில் இருக்கலாம் என்று காத்திருக்கட்டுமா?” என்று அது கேட்கும். ஒரே பெயரில் பல செயற்கூறுகள் இருந்தால், வழக்கமாக எல்லாவற்றிலும் நிறுத்துமிடம் வைக்கும், ‘என்னைக் கேள்’ என்று முன்பே அமைத்துவிட்டால், பட்டியல் போட்டு, “இவற்றுள் எது?” என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்துமிடம் வைத்ததும் எந்தக் கோப்பு, எந்த வரி என்று திருப்பிச் சொல்லும். பத்தாவது வரி வெறும் குறிப்புரையாக இருந்து, நிறுத்துமிடம் பன்னிரண்டாவது வரிக்குத் தள்ளிப்போனாலும் அந்த விடையில் பன்னிரண்டு என்றே இருக்கும். நாம்தான் அதைப் படிப்பதில்லை!

இந்தச் சிறு குழப்பத்துக்காக இவ்வளவு பேச்சா என்று உங்களுள் சிலர் எண்ணலாம். 1999 செப்டம்பரில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். அமெரிக்காவின் நாசா செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற விண்கலம், செவ்வாயை அடைந்த அன்றே அழிந்துபோனது. காரணம் என்ன? விண்கலத்தின் சிற்றுந்திகள் தந்த உந்துதலை ஒரு நிரல் பவுண்டு-விநாடிக் கணக்கில் எழுதியது. அதைப் பெற்றுக்கொண்ட மறு தரப்பு நியூட்டன்-விநாடிக் கணக்கு என்று படித்தது. ஒன்று மற்றதைப் போல் ஏறத்தாழ நாலரை மடங்கு. எண்கள் சரியாகத்தான் இருந்தன. எந்த அலகின் எண்கள் என்பதுதான் தவறாகிவிட்டது. அது டீபக்கர் கட்டளையால் நேர்ந்ததன்று. ஆனால் ‘எந்தப் பத்து?’ என்று கேட்கத் தவறியதன் விலை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

என் கருத்தை மூன்று விதிகளாகச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, ஒரு கட்டளைக்கு ஒரு பொருளே இருக்கவேண்டும். ஓர் எண்ணைத் தந்தால் அது எதன் எண் என்று சொல்ல இடம் இருக்கவேண்டும். இரண்டாவது, ஐயம் எழுந்தால் கருவி ஊகிக்கக்கூடாது, கேட்கவேண்டும். மூன்றாவது, செய்து முடித்ததை முழுமையாகத் திருப்பிச் சொல்லவேண்டும். கருவி செய்பவருக்கு இவை மூன்று; பயன்படுத்துபவருக்கு ஒன்றே ஒன்று: திருப்பிச் சொன்னதைப் படித்துப் பார்க்கவேண்டும்.

பைத்தான் கற்பவர்கள் இதை நேரிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதனோடு வரும் ‘பி.டி.பி.’ என்ற கருவியில் ‘சி’ என்ற எழுத்து ‘தொடர்ந்து ஓடு’ என்னும் கட்டளை. உங்கள் நிரலில் ‘சி’ என்றே ஒரு மாறியை வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் அதன் மதிப்பைப் பார்க்கலாம் என்று ‘சி’யைத் தட்டுங்கள். மதிப்பு வராது; நிரல் ஓடிப்போய்விடும்! மறுபடியும் ஓட்டி, ‘பி’ என்ற எழுத்தை முன்னால் போட்டு, ஓர் இடம் விட்டுச் ‘சி’யைத் தட்டுங்கள், இப்போது மதிப்பு வரும். ஓரெழுத்துக்கு இரு பொருள் இருந்தால் என்ன நேரும் என்பதை ஒருமுறை இப்படிக் கண்டுவிட்டால் பிறகு மறக்கமாட்டீர்கள்.

பிறகு, நீங்களே ஒரு சிறு விளையாட்டையோ கணக்குப் போடும் நிரலையோ எழுதும்போது, அதைப் பயன்படுத்தப்போகும் தோழன் ‘பத்து’ என்று தட்டினால் உங்கள் நிரல் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்துக்கு இரண்டு பொருள் இருக்குமானால், ஒரு வரியைக் கூடுதலாக எழுதி, “எந்தப் பத்து?” என்று கேட்க வையுங்கள்.